சுகர் கூடியிருந்தால் மாத்திரையைக் கூட்டிப் போடலாமா?

கேள்வியின் சுருக்கம்

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து 57 வயதுப் பெண்மணி எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 62 வயது. கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினோரு ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை ஒன்றைக் காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் போட்டுக்கொள்கிறார். அவருடைய தந்தைக்கும் இதே நோய். கடைசிக் காலத்தில் ஒரு காலை எடுக்க வேண்டி வந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன் குளுக்கோமீட்டர் வாங்கிக் கொடுத்ததிலிருந்து, நினைத்தபோதெல்லாம் விரலைக் குத்திப் பார்க்கிறார். ஒரு நாளைக்கு ஆறு முறைகூட ஆகிவிடுகிறது. ஸ்ட்ரிப்புக்கே மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. எண் 200ஐத் தாண்டினால் முகம் வாடிவிடும்; சாப்பாட்டைத் தள்ளிவிடுவார்; தானாகவே இன்னொரு மாத்திரையையும் போட்டுவிடுவார்.

போன மாதம் ஒரு மாலை ஏழு மணிக்கு 226 காட்டியிருக்கிறது. இரண்டு மாத்திரையை ஒன்றாகப் போட்டு, ஒரு தம்ளர் மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்தார். இரவு இரண்டு மணிக்கு பனியன் நனையும் அளவுக்கு வியர்வை, கை நடுக்கம். மனைவியைத் தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார், காரணமில்லாமல் கோபப்பட்டிருக்கிறார். மீட்டர் 58 காட்டியது. கையில் கிடைத்த கடலைமிட்டாயைக் கொடுத்துத் தின்னவைத்ததில், தெளிய முக்கால் மணி நேரம் பிடித்தது. மறுநாள் கணவர், “வியர்வைக் கையில் குத்தினாய், மெஷின் தப்பாகக் காட்டிவிட்டது” என்று முடித்துவிட்டார்.

“எந்த எண்ணை நம்புவது? அடுத்தடுத்து மூன்று முறை குத்தினால் 168, 181, 159 என்று மூன்று விதமாக வருகிறது. இரவு சாப்பிடாமல் படுத்தாலும் காலையில் கூடுதலாக இருப்பது ஏன்? குத்தாமலே சுகர் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை மகன் அனுப்புகிறேன் என்கிறான், வாங்கலாமா?” என்று கேட்கிறார். கூடவே, அதே ஊசியில் தன் விரலையும் குத்திப் பார்த்ததாகவும், வெறும் வயிற்றில் 118 வந்ததாகவும் கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நிறைய எண்கள் இருக்கின்றன. அவற்றில் என்னைக் கவலைப்பட வைத்தது 226 அல்ல, 58. சர்க்கரை சில மணி நேரம் 226ல் நின்றதால் அன்றிரவு உங்கள் கணவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. 58ல் நின்று, நீங்கள் விழித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால், வலிப்போ நினைவிழப்போ வந்திருக்கலாம். அந்த இரவைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் நீங்கள் இன்னும் சொல்லவில்லை என்று தெரிகிறது. இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். மற்றக் கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மெஷின் தப்பாகக் காட்டியதா?

விரலில் ஈரம் இருந்தால் ரத்தத் துளி நீர்த்து, எண் கொஞ்சம் குறைவாக வரலாம் என்பது உண்மைதான். ஆனால் ஈரக் கை மனைவியின் பெயரை மறக்கவைக்காது. வியர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு, திடீர்க் கோபம் என்று நீங்கள் விவரித்திருக்கும் ஒவ்வொன்றும் மூளைக்குச் சர்க்கரை போதாதபோது வரும் அறிகுறி. 70க்குக் கீழே இறங்கினாலே அதைத் தாழ்சர்க்கரை என்று சொல்கிறோம். 54க்குக் கீழே போனால் இன்னும் தீவிரம். நல்ல மீட்டரும் 100க்குக் கீழே 15 புள்ளி வரை கூடவோ குறையவோ காட்டலாம். ஆகவே அன்றைய உண்மை அளவு 70ஐ ஒட்டியும் இருந்திருக்கலாம், 45ஐ ஒட்டியும் இருந்திருக்கலாம். அவருடைய நிலையைப் பார்த்தால் கீழ்ப்பக்கம்தான் எனக்குத் தோன்றுகிறது.

காரணம் கிளிமிபிரைடு. கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லித் தூண்டும் மருந்து அது. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. மாத்திரையை இரட்டிப்பாக்கி, இரவுச் சாப்பாட்டையும் நிறுத்தினால் நடுநிசியில் சர்க்கரை சரிவது எதிர்பார்க்க வேண்டியதுதான். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படி ஆவது அரிது. கிளிமிபிரைடு, கிளிகிளசைடு, கிளிபென்கிளமைடு போன்றவற்றை எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் எப்போதும் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும். சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருந்தால் இந்த மருந்துகளின் வேலை உடலில் நீண்ட நேரம் தொடரும். பதினோரு ஆண்டு நீரிழிவில் அதற்கு வாய்ப்பு உண்டு. மருத்துவரைப் பார்க்கும்போது கிரியாட்டினின் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: ஒரு தனி எண்ணைப் பார்த்து இந்த மாத்திரையைக் கூட்டவே கூடாது. இது வலி மாத்திரை போல உடனடித் தேவைக்குப் போடுவதல்ல. இன்சுலின் போடும் சிலருக்கு, எண்ணுக்கு ஏற்ப அளவை மாற்றிக்கொள்ள மருத்துவரே எழுதிக் கொடுத்திருப்பார், அது வேறு. உங்கள் கணவர் தினமும் 200க்கு மேல் காட்டுகிறார் என்றால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம், சர்க்கரையைத் தாழ்த்திவிடாத வேறு வகை மருந்துகள் இன்று இருக்கின்றன. அதை முடிவு செய்ய மருத்துவருக்கு ஒழுங்கான குறிப்பு தேவை.

மீண்டும் சர்க்கரை இறங்கினால்

கடலைமிட்டாய் கொடுத்தீர்கள். அந்த நேரத்தில் கைக்கு எட்டியதைக் கொடுத்தீர்கள், அவரைக் காப்பாற்றினீர்கள். ஆனால் நிலக்கடலையின் கொழுப்பும் புரதமும் இனிப்பு ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். தெளிய முக்கால் மணி நேரம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். சாக்லேட், மைசூர்பாகு எல்லாமே அப்படித்தான். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். ஏறக்குறைய 15 கிராம் கிடைக்கும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் குத்திப் பாருங்கள். 70க்கு மேல் வராவிட்டால் அதே அளவு இன்னொரு முறை. வந்துவிட்டால், இரண்டு இட்லியோ கொஞ்சம் தயிர்சாதமோ சாப்பிட வைத்துவிட்டுத்தான் படுக்கவிட வேண்டும். கிளிமிபிரைடால் இறங்கிய சர்க்கரை ஒருமுறை ஏறிவிட்டு மறுபடியும் இறங்கக்கூடியது. அடுத்த ஒரு நாள் முழுக்க கவனம் வேண்டும். விழுங்க முடியாத அளவுக்கு மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள்.

இங்கே மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாத்திரை அட்டையின் பின்புறம் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் மூன்று மருந்து சேர்ந்த மாத்திரைகளில் வோக்லிபோஸைப் பார்க்கலாம். அது வீட்டுச் சர்க்கரை குடலில் உடைவதைத் தாமதப்படுத்தும் மருந்து. அதை எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரை வந்தால் சமையலறைச் சர்க்கரை உடனே வேலை செய்யாது. குளுக்கோஸ் பொடிதான் கொடுக்க வேண்டும். சகோதரி, நீங்கள் அனுப்பிய படத்தில் அந்தப் பெயர் இல்லை. இருந்தாலும் ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தைக் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று முறை குத்தினால் மூன்று எண்

168, 181, 159. இந்த மூன்றும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. 2013ஆம் ஆண்டின் சர்வதேசத் தர விதிப்படி, 100ம் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் வீட்டு மீட்டர் காட்டும் எண்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறையாவது ஆய்வகத்தின் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். உண்மை அளவு 170 என்றால் 145 முதல் 195 வரை எது காட்டினாலும் மீட்டர் ஒழுங்காக இருப்பதாகத்தான் பொருள். 168க்கும் 181க்கும் நடுவே எதையோ தேடி மூன்றாவது ஸ்ட்ரிப்பை வீணாக்க வேண்டாம்.

மீட்டரைச் சோதிக்க நினைத்தால், வெறும் வயிற்றில் ஆய்வகத்தில் ரத்தம் கொடுக்கும்போது அதையும் எடுத்துச் சென்று, அதே ஐந்து நிமிடத்துக்குள் விரலிலும் குத்திப் பாருங்கள். ஆய்வகம் 140 என்றால் மீட்டர் 119 முதல் 161க்குள் காட்ட வேண்டும். சாப்பிட்ட பிறகு ஒப்பிடாதீர்கள். உணவுக்குப் பின் விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை நரம்பில் எடுக்கும் ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். வீணாகச் சந்தேகம்தான் வளரும்.

மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தியபோது 287 காட்டியதாகவும், பயந்துபோய் இன்னொரு விரலைக் கழுவிக் குத்தியதில் 171 வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதில் மர்மம் எதுவும் இல்லை. மீட்டர் உறிஞ்சும் ரத்தம் பெரும்பாலும் ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவு. தோலில் காய்ந்திருக்கும் பழச்சாறு அதில் கலந்தால் எண் எகிறிவிடும். ஆரஞ்சு, திராட்சை, கிவிப் பழங்களை உரித்த கையில் இது எப்படி நடக்கிறது என்று ஜப்பானிய மருத்துவர்கள் 2011ல் சோதித்து வெளியிட்டார்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் அந்த இனிப்பு முழுதாகப் போகவில்லை. தண்ணீரில் கழுவிய பிறகே சரியான எண் வந்தது. ஆகவே சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் நடுவில் அல்லாமல் பக்கவாட்டில் குத்தச் சொல்லுங்கள். வலியும் குறையும். துளி வரவில்லையே என்று அழுத்திப் பிழியக் கூடாது. கையைத் தொங்கவிட்டு உதறினால் வந்துவிடும்.

ஸ்ட்ரிப் டப்பாவை அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றே இடத்தை மாற்றுங்கள். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளை 30 டிகிரிக்குள் வைக்கும்படி டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் அடுப்படி எவ்வளவு சூடாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக ஃபிரிட்ஜிலும் வேண்டாம், ஈரம் கோத்துக்கொள்ளும். படுக்கையறையில், மூடி இறுக்கமாக இருந்தால் போதும். திறந்த தேதியை டப்பாவின் மேல் எழுதிவையுங்கள், திறந்தபின் எத்தனை மாதம் தாங்கும் என்பதும் அதிலேயே இருக்கும்.

சாப்பிடாமல் படுத்தும் காலையில் ஏன் கூடுதல்?

இரவு முழுவதும் கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. விடியற்காலையில் நம்மை எழுப்புவதற்காக உடல் சில ஹார்மோன்களைக் கூட்டும்போது இந்த வரவும் கூடுகிறது. நீரிழிவு இல்லாதவருக்குக் கணையம் அதைச் சமன் செய்துவிடும். உங்கள் கணவரின் கணையத்தால் அது முடியவில்லை, அவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டை நிறுத்துவது இதற்கு மருந்தாகாது. அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பது ஆபத்து மட்டுமே.

காலை எண் தொடர்ந்து கூடுதலாக இருக்கிறது என்பதால் இரவு மருந்தைக் கூட்டலாம் என்று யாருக்கும் தோன்றும். அதற்கு முன் இரண்டு மூன்று இரவு, மூன்று மணிக்கு அலாரம் வைத்துக் குத்திப் பாருங்கள். அப்போது 80 காட்டிக் காலையில் 160 வந்தால் ஒரு முடிவு. மூன்று மணிக்கே 160 என்றால் வேறு முடிவு. மருத்துவருக்கு இந்த மூன்று மணி எண் பொன்னான தகவல்.

எப்போது குத்த வேண்டும்?

நோட்டுப் பக்கத்தின் படத்தைப் பார்த்தேன். அழகான கையெழுத்து, கோடு போட்டுத் தேதி, எண், 200க்கு மேல் போனால் சிவப்பு மையில் வட்டம். ஆனால் மணி இல்லை. என்ன சாப்பிட்டார், சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று, எதுவும் இல்லை. அந்த மாலை 226ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை மணிக்கு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டதாகக் கடிதத்தின் வேறு இடத்தில் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அது தெரிந்தால் 226க்குக் காரணம் புரிகிறது, மாலைப் பலகாரத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று யோசனை வருகிறது. தெரியாவிட்டால் அந்த எண் பயம்தான் தருகிறது. இன்சுலின் போடாதவர்கள் வெறுமனே குத்திக்கொண்டிருப்பதால் மட்டும் சர்க்கரை பெரிதாகக் கட்டுப்படுவதில்லை என்று இங்கிலாந்தில் 2007ல் வெளியான ஆய்வு காட்டியது. எண்ணைப் பார்த்து எதையாவது தெரிந்துகொண்டு மாற்றினால்தான் பயன்.

நான் சொல்வது இதுதான். மருந்து திருத்தப்படும் வரை, இரண்டு வாரத்துக்கு, காலை வெறும் வயிற்றிலும் இரவு படுக்கும் முன்னும் குத்தட்டும். அதன் பிறகு ஜோடியாகப் பார்க்கலாம்: ஒரு நாள் காலை உணவுக்கு முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. இரண்டு நாள் கழித்து மதிய உணவுக்கு அதே போல. அதற்கடுத்து இரவு. வாரத்துக்கு ஆறு ஸ்ட்ரிப்தான் ஆகும். பொங்கல் சாப்பிட்ட நாளும் இட்லி சாப்பிட்ட நாளும், சோற்றைக் குறைத்துக் கீரையும் சுண்டலும் கூட்டிய நாளும் எப்படி வேறுபடுகின்றன என்று அவரே பார்ப்பார். வங்கிக் கணக்கு பார்த்தவருக்கு இந்தக் கணக்கு பிடிக்கும் என்றே நினைக்கிறேன். நோட்டில் மணி, உணவு, நடை, மருந்து என்று நான்கு பத்தி கூட்டிக் கொடுங்கள்.

பொதுவாக உணவுக்கு முன் 80 முதல் 130, உணவுக்குப் பின் 180க்குள் என்பது இலக்கு. தாழ்சர்க்கரை ஒருமுறை வந்துவிட்டதால் அவருடைய மருத்துவர் இதைச் சற்றுத் தளர்த்தலாம். அதை அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். காய்ச்சல், வாந்தி, ஸ்டீராய்டு மருந்து எடுக்கும் நாட்கள், வியர்வை நடுக்கம் வரும் நேரம், இவற்றுக்கு எந்த அட்டவணையும் இல்லை. அப்போதெல்லாம் தயங்காமல் குத்தலாம். இரண்டு முறை தொடர்ந்து 300க்கு மேல் காட்டினாலோ, கூடவே வாந்தியோ மூச்சு வாங்குதலோ இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை 7.8 வந்ததைப் பார்த்து, “என் நோட்டில் காலை எண் 140தானே, லேப் தப்பு” என்று அவர் வாதிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 7.8 என்பது ஏறக்குறைய 177 சராசரிக்குச் சமம். காலையில் 140 இருந்தும் சராசரி 177 என்றால் சாப்பாட்டுக்குப் பின்னால் ஏறுகிறது என்று பொருள். இரண்டும் சரிதான். ரத்தசோகை இருந்தால் மட்டும் இந்தப் பரிசோதனை ஏமாற்றக்கூடும். ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கைக்கடிகாரம்

வாங்க வேண்டாம். தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்பி மருந்தைத் தீர்மானிக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. அப்படி ஒரு கருவிக்கும் அது அனுமதி கொடுத்திருக்கவில்லை. மகனுக்குச் செலவு செய்ய மனமிருந்தால், மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரைப் பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். தோலுக்குள் மெல்லிய இழை நுழைந்து இரண்டு வாரம் வரை இரவும் பகலும் அளக்கும். இரவில் சர்க்கரை தாழ்கிறதா என்று தெரிய உங்கள் வீட்டுக்கு ஒரு முறை அது பயன்படலாம். ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கியே காட்டும் என்பதால், உடம்பு ஒன்று சொல்லி சென்சார் வேறொன்று சொன்னால் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும்.

கால் போய்விடுமோ என்ற பயம்

உங்கள் கணவரின் ஆறு குத்தலுக்கும் பின்னால் இருப்பது அவருடைய தந்தையின் கால் என்று நினைக்கிறேன். அவரைத் திட்டாதீர்கள். கண் முன்னால் அதைப் பார்த்த மகனுக்கு 226 வெறும் எண்ணாகத் தெரியாது. ஆனால் ஒரு மாலை ஏறிய சர்க்கரை காலைப் பறிப்பதில்லை. பல ஆண்டு கட்டுப்பாடில்லாத சர்க்கரை, உணர்ச்சி மரத்த பாதம், குறைந்த ரத்த ஓட்டம், புகை, கவனிக்காமல் விட்ட ஒரு சிறு புண் எல்லாம் சேர்ந்துதான் அங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன. இதற்கு மீட்டர் பதில் சொல்லாது. மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்கும் எளிய பரிசோதனை உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை அதையும், கண் விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின், ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். இரவில் கால் கழுவித் துடைத்து, விரலிடுக்கையும் குதிகாலையும் அவரே விளக்கு வெளிச்சத்தில் பார்க்கட்டும். குனிய முடியாவிட்டால் கண்ணாடி ஒன்றைக் கீழே வைத்துப் பார்க்கலாம். கோவில் பிரகாரத்துச் சுடுகல்லில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று மட்டும் அன்பாகச் சொல்லுங்கள். மரத்த பாதம் சூட்டை உணராது.

உங்கள் 118

இனி உங்களைப் பற்றி. ஒருவருக்குப் போட்ட ஊசியில் இன்னொருவர் குத்திக்கொள்ளக் கூடாது. கணவன் மனைவி என்றாலும் கூடாது. ஊசியை மாற்றினாலும் அந்தப் பேனா போன்ற கருவியையே இருவர் பயன்படுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துணுக்கு வழியாக மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள் பரவும். பதற்றம் வேண்டாம், மருத்துவரைப் பார்க்கும்போது இருவரும் அதற்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடி மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள். குப்பையில் போட்டால் அள்ள வருகிறவர் கையில் குத்தும்.

118 என்பதை வைத்து உங்களுக்கு நீரிழிவு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வீட்டு மீட்டர் நோயைக் கண்டறிவதற்கான கருவி அல்ல. ஆய்வகத்தில் வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை வந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. 126ம் அதற்கு மேலும் இரண்டு முறை வந்தால் நீரிழிவு. 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவும், 13 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு முந்தைய நிலையும் இருக்கின்றன. அந்த முந்தைய நிலையில் கண்டுபிடித்தால் உணவாலும் நடையாலும் எடைக் குறைப்பாலும் பல ஆண்டு தள்ளிப்போட முடியும். கணவரின் எண்ணைக் கவனித்து உங்கள் எண்ணைக் கடிதத்தின் கடைசி வரிக்குத் தள்ளியிருக்கிறீர்கள். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் அதே காலையில் நீங்களும் சாப்பிடாமல் போய், வெறும் வயிற்றிலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தம் கொடுங்கள். காசு தடையாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முடிவு வந்ததும் இரண்டு எண்ணையும், உங்கள் எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தத்தோடு சேர்த்து எழுதி அனுப்புங்கள்.